மழை எழுதிய வளையம்

1. மாந்தள் வந்தது

நீங்கள் நாக்கு மீனைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் பழுப்பு நிறம். மறு பக்கம் வெள்ளை நிறம். பார்ப்பதற்கு நாக்கைப் போலவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

நாக்கு மீனில் பல வகைகள் உண்டு. அதில் ஒரு சிறிய வகை கேரளக் கடற்கரையில் நிறையக் கிடைக்கிறது. அதை அங்கே மாந்தள் என்று சொல்கிறார்கள். இது அந்த மாந்தளின் கதை. அதை விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கதையும்தான்.

கேரளத்தில் அரபிக் கடலின் கரையில் கோழிக்கோடு நகரம் இருக்கிறது. அங்கே மீனவர் குடியிருப்பு ஒன்றில் ஒரு பாட்டி வாழ்ந்து வந்தார். அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. விடியற்காலையில் கரைக்குப் போவார். ஏலத்தில் மீன் எடுப்பார். கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார். மிச்சம் இருந்தால் உப்புப் போட்டுக் காயவைப்பார்.

பாட்டிக்கு ஒரு மகன். அவர் விசைப்படகில் கூலி வேலை செய்தார். மகனுக்கு ஒரு மகள். எட்டாம் வகுப்புப் படித்தாள். கேரளத்தில் அப்பாவைப் பெற்ற அம்மாவை அச்சம்மா என்று அழைப்பார்கள். பேத்தியும் பாட்டியை அப்படித்தான் அழைப்பாள்.

அது புரட்டாசி மாதம். பெரிய மழை ஓய்ந்திருந்தது. கடலில் அலை அடங்கியிருந்தது. கரைக்கு வந்த தோணிகளில் மாந்தள் குவிந்து கிடந்தது. பாட்டி இரண்டு கூடை மாந்தள் ஏலம் எடுத்தார்.

அன்று விடுமுறை நாள். பேத்தி பாட்டிக்கு உதவி செய்ய உட்கார்ந்தாள். மாந்தளைச் சமைக்கும் முன் தோலை உரிக்க வேண்டும். பாட்டி தலைப் பக்கம் கத்தியால் லேசாகக் கீறினார். தோலின் நுனியைப் பிடித்து இழுத்தார். சட்டையைக் கழற்றுவது போல முழுத் தோலும் வந்துவிட்டது.

பேத்தி ஒரு மீனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அச்சம்மா, இதற்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. ஏன்?”

“எனக்கு எப்படித் தெரியும் மோளே? நாற்பது வருஷமாக விற்கிறேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. விலைதான் கேட்பார்கள்.”

பாட்டி சிரித்தார். பேத்தி விடவில்லை. ஒரு மீனை இலையில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாள்.

2. கண் நகர்ந்த கதை

மாலையில் பேத்தி ஓடி வந்தாள். டீச்சர் சொன்னதை எல்லாம் பாட்டியிடம் சொன்னாள்.

மாந்தள் பிறக்கும்போது இப்படி இருப்பதில்லை. அதன் முட்டை மிகவும் சிறியது. அது கடல் நீரில் மிதக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மற்ற மீன் குஞ்சுகளைப் போலவே இருக்கும். வலப் பக்கம் ஒரு கண். இடப் பக்கம் ஒரு கண். நேராக நிமிர்ந்து நீந்தும்.

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு மாற்றம் தொடங்குகிறது. வலப் பக்கத்துக் கண் மெல்ல மெல்ல நகர்கிறது. தலையைத் தாண்டி இடப் பக்கத்துக்கு வருகிறது. அதனோடு மண்டை எலும்பும் கோணலாக வளர்கிறது. இப்போது இரண்டு கண்ணும் இடப் பக்கத்தில் இருக்கும்.

அதன் பிறகு மீன் நிமிர்ந்து நீந்துவதை விட்டுவிடுகிறது. கடலின் அடிக்குப் போகிறது. கண் இல்லாத பக்கத்தைக் கீழே வைத்துப் படுத்துக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் வாழ்கிறது.

“அப்படியானால் நாம் மேல் பக்கம் என்று நினைப்பது அதன் முதுகு இல்லையா?” என்று பாட்டி கேட்டார்.

“இல்லை அச்சம்மா. அது அதன் இடப் பக்கம். வெள்ளையாக இருப்பது அதன் வயிறு இல்லை. அதன் வலப் பக்கம்.”

பாட்டிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருக்களித்துப் படுத்த மீனைத்தான் இத்தனை காலம் விற்று வந்திருக்கிறார்!

3. சேறுதான் வீடு

மாந்தளுக்கு அறிவியல் நூல்களில் சைனோகிளாசஸ் மேக்ரோஸ்டோமஸ் என்று பெயர். அதில் முதல் சொல்லுக்கு நாய் நாக்கு என்று பொருள். அந்த நாட்டுக்காரர்களுக்கும் இது நாக்கைப் போலத்தான் தோன்றியிருக்கிறது.

இது பெரிதாக வளரும் மீன் அல்ல. நன்றாக வளர்ந்த மீன்கூட சுமார் 17 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஒரு சாண் நீளம்கூட வராது.

மாந்தள் வாழும் இடம் கரைக்கு அருகில் இருக்கும் கடலடி. அங்கே மணலும் சேறும் கலந்து கிடக்கும். மாந்தளின் உடல் அந்த இடத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது.

பல மீன்களின் உடலுக்குள் காற்றுப் பை உண்டு. அது மீன் நீரில் மிதக்க உதவும். வளர்ந்த மாந்தளுக்குக் காற்றுப் பை இல்லை. அதனால் சிரமம் இல்லாமல் தரையில் படுத்திருக்க முடியும்.

அதன் முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் அடித் துடுப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பாவாடைக்கு ஓரம் தைத்தது போல உடலைச் சுற்றி வரும். அந்தத் துடுப்பை அசைத்துச் சேற்றைக் கிளப்பும். கிளம்பிய சேறு அதன் மேலேயே படியும். கண்கள் மட்டும் வெளியே தெரியும். மேல் பக்கம் பழுப்பு நிறம். சேறும் பழுப்பு நிறம். எதிரியின் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

இதன் உணவும் சேற்றில்தான் இருக்கிறது. வயல் மண்ணில் மண்புழு இருக்கிறது அல்லவா? அதுபோலக் கடல் சேற்றில் கடற்புழுக்கள் இருக்கின்றன. மாந்தள் அவற்றைத் தின்னும். சேற்றில் வாழும் வேறு சிறிய உயிர்களையும் தின்னும்.

மற்ற மீன்கள் வேறு இடம் தேடி மேலே நீந்தலாம். மாந்தளுக்குச் சேறுதான் வீடு. சேறுதான் சமையலறை. சேறு கெட்டால் மாந்தளும் கெட்டது.

4. செதிலில் ஒரு வளையம்

டீச்சர் பள்ளிக்கூடத்தில் இன்னொன்றும் காட்டினார். மாந்தளின் உடலிலிருந்து ஒரு சிறு செதிலை எடுத்தார். கழுவினார். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

செதிலில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தன. அவற்றின் நடுவே ஒரு வளையம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

வெட்டிய மரத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணி மரத்தின் வயதைச் சொல்வார்கள். மீனின் செதிலும் அப்படித்தான். மீன் வளரும்போது செதிலும் சேர்ந்து வளரும். மீனின் வளர்ச்சி நின்றுபோனால் செதிலில் ஓர் அடையாளம் விழும். அதுதான் அந்த வளையம்.

குளிர் நாடுகளில் இது முன்பே தெரிந்த செய்தி. அங்கே கடுங்குளிர் காலத்தில் மீனின் வளர்ச்சி குறையும். அதனால் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். நம் நாட்டுக் கடலில் அப்படிக் கடுங்குளிர் கிடையாது. ஆகவே நம் மீன்களில் இப்படி வளையம் விழாது என்று பலர் நினைத்தார்கள்.

கோழிக்கோட்டில் இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர் சேஷப்பா. மற்றவர் பீமாச்சார். இருவரும் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நிறுவனம் 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்த காலத்தில் அதன் தலைமையிடம் தமிழ்நாட்டில் மண்டபத்தில் இருந்தது.

அவர்கள் மாந்தளின் செதில்களை எடுத்துப் பார்த்தார்கள். வளையம் இருந்தது! எப்போது விழுகிறது? மழைக்காலத்தில் விழுகிறது. ஏன் விழுகிறது? அந்தக் காலத்தில் மீனுக்குப் போதிய உணவு கிடைப்பதில்லை. இதை 1951-ஆம் ஆண்டிலும் 1955-ஆம் ஆண்டிலும் எழுதி வெளியிட்டார்கள்.

பேத்தி சொல்லி முடித்தாள். பாட்டி சற்று நேரம் பேசவில்லை.

“மழைக்காலத்தில் மீன் பட்டினியா கிடக்கிறது?” என்று கேட்டார்.

“ஆமாம் அச்சம்மா.”

“எந்த மாசம்?”

“பெருமழை பெய்யும் மாசங்கள். கர்க்கடகமும் அதில் வரும்.”

ஆடி மாதத்தைத்தான் கேரளத்தில் கர்க்கடகம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைப் பஞ்சக் கர்க்கடகம் என்று சொல்வார்கள். விடாமல் மழை பெய்யும். தோணி கடலுக்குப் போகாது. வயலில் வேலை இருக்காது. வீட்டில் அரிசி இருக்காது.

பாட்டி தன் சிறு வயதை நினைத்துக்கொண்டார்.

“எங்கள் அம்மா செம்புப் பானையை அடகு வைப்பாள். ஒரு கர்க்கடகத்தில் தாலியைக்கூட வைத்தாள். கஞ்சியில் தண்ணீர்தான் இருக்கும். பருக்கையைத் தேட வேண்டும். என் தம்பி அந்த மழையில்தான் போனான்.”

பாட்டி தன் கையைப் பார்த்தார். பிறகு கூடையில் இருந்த மீனைப் பார்த்தார்.

“எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத மாசத்தில் இதற்கும் அடுப்பு எரியவில்லை போலிருக்கிறது” என்றார்.

5. மழைக்காலத்தில் என்ன நடக்கிறது?

மழைக்காலத்தில் கடலடியில் ஏன் உணவு குறைகிறது?

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. அலைகள் பெரிதாகின்றன. கரை ஓரத்துச் சேறு கலங்குகிறது. ஆறுகள் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு வருகின்றன. கரையோர நீரில் உப்பு குறைகிறது. சேற்றில் வாழும் புழுக்கள் ஏராளமாக அழிகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் கரையை நோக்கி ஏறி வருகிறது. அந்த நீரில் மீன் மூச்சு விடத் தேவையான பிராணவாயு குறைவு. அடியில் வாழும் மீன்கள் அங்கே இருக்க முடியாது.

அதனால் மாந்தள் கரையை விட்டு விலகிப் போய்விடுகிறது.

மழை ஓய்ந்ததும் எல்லாம் மாறுகிறது. கலங்கிய சேறு படிகிறது. புழுக்கள் மறுபடியும் பெருகுகின்றன. மாந்தள் கூட்டம் கூட்டமாகக் கரைப் பக்கம் திரும்புகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிறையக் கிடைப்பதற்கு இதுவே காரணம். அதன் பிறகு மாந்தள் முட்டையிடும் காலம் தொடங்குகிறது.

மாந்தளின் ஆயுள் குறைவு. சில மழைக்காலங்களைத்தான் அது பார்க்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் முட்டையிட்டுப் புதிய குஞ்சுகள் வந்தால்தான் கடலில் மாந்தள் இருக்கும்.

6. பெட்டியில் வந்த குஞ்சுகள்

மாதங்கள் ஓடின. மாசி மாதம் வந்தது. ஒரு நாள் மகன் இரண்டு பெட்டி மீனைத் தூக்கி வந்தார். முற்றத்தில் இறக்கி வைத்தார்.

பாட்டி பெட்டிக்குள் பார்த்தார். அத்தனையும் விரல் நீள மாந்தள் குஞ்சுகள். அங்கங்கே ஒன்றிரண்டு பெரிய மீன்கள் கிடந்தன.

“இதை யார் வாங்குவார்கள்?” என்று பாட்டி கேட்டார்.

“தீவனத்துக்கு எடுப்பார்கள் அம்மா. சாயங்காலம் லாரி வரும். பெட்டிக் கணக்கில் காசு தருவார்கள்.”

பேத்தி ஒரு குஞ்சை எடுத்தாள். “அப்பா, இதன் செதிலில் ஒரு வளையம்கூட இருக்காது. இது ஒரு மழையையும் பார்த்ததில்லை” என்றாள்.

“மழையைப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? செத்துப்போன மீன்தானே?” என்று மகன் எரிச்சலோடு சொன்னார்.

அவர் சொன்னதும் உண்மைதான். செத்த மீனைக் கடலில் போட்டால் உயிர் வராது. வீட்டிலும் பணத் தேவை இருந்தது. அந்த வாரம் சிட்டிப் பணம் கட்ட வேண்டும்.

பாட்டி உள்ளே போனார். தராசை எடுத்து வந்தார். பேத்தியிடம் ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார்.

ஒரு பெரிய மீனை அளந்தார்கள். 12 சென்டிமீட்டர். ஒரு குஞ்சை அளந்தார்கள். 6 சென்டிமீட்டர். நீளத்தில் சரியாகப் பாதி.

“பாதி நீளம் என்றால் எடையும் பாதி இருக்குமா?” என்று பாட்டி கேட்டார்.

தராசின் ஒரு தட்டில் பெரிய மீனை வைத்தார். மறு தட்டில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டு வைத்தார். தட்டு இறங்கவில்லை. நான்கு வைத்தார். இறங்கவில்லை. எட்டாவது குஞ்சை வைத்தபோதுதான் இரண்டு தட்டும் சமமாக நின்றன.

“எட்டுக் குஞ்சுக்கு ஒரு பெரிய மீன்” என்றாள் பேத்தி. “நீளம் மட்டும் பாதி இல்லை, அச்சம்மா. அகலமும் பாதி. கனமும் பாதி. அதனால்தான் எட்டு வேண்டியிருக்கிறது.”

பாட்டி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

“இங்கே ஒரு கிலோ குஞ்சு இருக்கிறது என்று வை. இவை எல்லாம் வளர்ந்திருந்தால் எட்டுக் கிலோ.”

“எல்லாம் வளராது, அம்மா” என்றார் மகன். “பெரிய மீன் தின்றுவிடும். மழையில் சாகும்.”

“சரி, பாதி செத்துவிட்டது என்று வை. அப்போதும் நாலு கிலோ. இதை லாரிக்காரர் தீவன விலைக்கு எடுப்பார். அதை நான் சாப்பிடுகிற மீன் விலைக்கு விற்பேன். காயவைத்தாலும் நல்ல விலை வரும். போதாததற்கு அவை முட்டை போட்டிருக்கும். அடுத்த வருஷத்து மீனும் இந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது.”

மகன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

“கணக்கு சரிதான். ஆனால் நான் விட்டால் அடுத்த படகுக்காரன் பிடிப்பான். நமக்கு மட்டும் நஷ்டம். வலையும் என்னுடையது இல்லை. படகும் என்னுடையது இல்லை. நான் கூலிக்காரன்.”

இதற்குப் பாட்டியிடம் உடனே பதில் இல்லை.

சாயங்காலம் லாரி வந்தது. இரண்டு பெட்டியும் போயிற்று. அந்தக் காசில் சிட்டி கட்டினார்கள். பாட்டி ஒரு கிண்ணம் குஞ்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

7. ஏலக் கரையில் ஒரு தராசு

மறுநாள் காலையில் ஏலம் தொடங்கும் முன் பாட்டி மற்ற மீன்காரப் பெண்களைக் கூப்பிட்டார். கிண்ணத்தையும் தராசையும் அவர்கள் முன் வைத்தார். எட்டுக் குஞ்சையும் ஒரு பெரிய மீனையும் நிறுத்துக் காட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

“போன வருஷம் இதே மாசம் எனக்குத் தினமும் ஒரு கூடை கிடைத்தது. இப்போது அரைக் கூடைதான்.”

“லாரிக்கு ஏற்றுகிற மீன் கூடுகிறது. நம் கூடைக்கு வருகிற மீன் குறைகிறது.”

“நாம் என்ன செய்ய முடியும்? வலை போடுகிறவர்கள் ஆண்கள்.”

“வாங்குகிறவர்கள் நாம்தானே? குஞ்சு மீனை ஏலம் கேட்க மாட்டோம் என்று சொல்லலாம்.”

ஒரு பெண் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “எனக்கு விதவைப் பென்ஷன் தவிர வேறு வருமானம் இல்லை. விலை மலிந்த குஞ்சு மீனைத்தான் என்னால் ஏலம் எடுக்க முடியும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்குப் பெரிய மீனில் பங்கு சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருவர் சொன்னார்கள். அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

பிறகு மீன்வளத் துறை அலுவலர் ஒருவர் கரைக்கு வந்தார். பெண்கள் அவரிடம் கேட்டார்கள். அவர் சட்டத்தை விளக்கினார்.

கேரளத்தில் 1980-ஆம் ஆண்டிலேயே கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிறிய தோணிக்காரர்கள் 1980-களில் பெரிய போராட்டங்கள் நடத்தினார்கள். இழுவலை மழைக்காலத்தில் கடலடியை வாரிவிடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். 1988-ஆம் ஆண்டு முதல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை போடும் வழக்கம் வந்தது. 2018-ஆம் ஆண்டு முதல் இந்தத் தடை 52 நாள். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை.

குஞ்சு மீனைப் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அரசு அளவு வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, மத்திக்கு 10 சென்டிமீட்டர். அயிலைக்கு 14 சென்டிமீட்டர். 2015-ஆம் ஆண்டு 14 வகை மீன்களுக்கு அளவு வைத்தார்கள். 2017-ஆம் ஆண்டு அது 58 வகையாக உயர்ந்தது.

“சட்டம் இருந்தும் ஏன் பெட்டி பெட்டியாகக் குஞ்சு வருகிறது?” என்று பாட்டி கேட்டார்.

“கடல் பெரியது அம்மா. எங்கள் ஆட்கள் குறைவு. கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டால்தான் முடியும்” என்றார் அலுவலர்.

“இழுவலை குஞ்சை மட்டுமா எடுக்கிறது?” என்று பேத்தி கேட்டாள்.

“இல்லை. அடியில் இரும்புச் சங்கிலி இழுபடுகிறது. சேறு கிளறப்படுகிறது. புழுவும் பூச்சியும் சாகின்றன. உழுத வயலை விதைக்க விடாமல் உழுதுகொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான். வலைக்கண் பெரிதாக இருந்தால் குஞ்சாவது தப்பிக்கும். கடலடிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் புழுவும் பெருகும்.”

அன்று சாயங்காலம் மகன் படகுக்காரரிடம் வலைக்கண் பற்றிப் பேசினார். அவர் உடனே சம்மதிக்கவில்லை. புதிய வலைக்குச் செலவு ஆகும் என்றார். ஆனால் கரையில் பெண்கள் குஞ்சு மீனை ஏலம் கேட்காமல் நிற்பதை அவரும் பார்த்தார். மழைத் தடைக் காலத்தில் வலையை மாற்றிப் பார்க்கலாம் என்று பிறகு சொன்னார்.

8. மறுபடியும் புரட்டாசி

ஜூன் மாதம் மழை வந்தது. விசைப்படகுகளைக் கட்டிப் போட்டார்கள். கர்க்கடகம் வந்தது. வீட்டில் பணம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ரேஷன் அரிசி இருந்தது. பாட்டி பானையில் போட்டு வைத்த மாந்தள் கருவாடு இருந்தது. அதை வறுத்துக் கஞ்சியோடு சாப்பிட்டார்கள். அடுப்பு எரிந்தது.

ஒரு நாள் இரவு மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடல் இரைந்தது.

“இப்போது கீழே வளையம் விழுந்துகொண்டிருக்கும், இல்லையா?” என்று பாட்டி கேட்டார்.

“ஆமாம், அச்சம்மா” என்றாள் பேத்தி.

புரட்டாசியில் மாந்தள் திரும்ப வந்தது. நிறைய வந்ததா, குறைவாக வந்ததா என்று ஒரே ஆண்டில் சொல்லிவிட முடியாது. கடல் கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல. ஆனால் மகன் வேலை செய்யும் படகில் இப்போது பெரிய கண் உள்ள வலை இருக்கிறது. பக்கத்துப் படகில் இன்னும் இல்லை. ஏலக் கரையில் பெண்கள் ஒரு குச்சி வைத்திருக்கிறார்கள். அதில் சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கிறார்கள். ஏலம் கேட்கும் முன் அந்தக் குச்சியை மீனின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

முதல் கூடை வந்ததும் பாட்டி ஒரு மாந்தளை எடுத்தார். பேத்தியின் கையில் கொடுத்தார்.

“பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ. எத்தனை மழை பார்த்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வா” என்றார்.

தெரிந்துகொண்டோம்

* மாந்தள் ஒரு சிறிய நாக்கு மீன். கரைக்கு அருகில் கடலடிச் சேற்றில் வாழ்கிறது.
* குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண். பிறகு வலக் கண் இடப் பக்கம் நகர்கிறது.
* மழைக்காலத்தில் உணவு குறைகிறது. மீனின் வளர்ச்சி நிற்கிறது. செதிலில் வளையம் விழுகிறது.
* குஞ்சைப் பிடித்தால் இன்றைய எடையும் குறைவு. நாளைய மீனும் குறைவு.

பதில் சொல்லுங்கள்

1. மாந்தளின் இரண்டு கண்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன?
2. மாந்தள் எதைத் தின்று வாழ்கிறது?
3. செதிலில் வளையம் எப்போது விழுகிறது? ஏன்?
4. கேரளத்தில் இழுவலைத் தடை எத்தனை நாள்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பெரிய மீனின் எடைக்கு எட்டுக் குஞ்சுகள் வேண்டும். 80 குஞ்சுகளின் எடைக்கு எத்தனை பெரிய மீன்கள் சமம்?

பேசிப் பாருங்கள்

“நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்” என்று மகன் சொன்னார். இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் ஊரில் ஏரி, காடு, மேய்ச்சல் நிலம் பற்றி யாராவது இப்படிச் சொன்னது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

செய்து பாருங்கள்

அடுத்த முறை கெண்டை மீன் வாங்கும்போது ஒரு பெரிய செதிலை எடுங்கள். கழுவிக் காயவையுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரியும். எல்லாக் கோடும் வயதைக் காட்டும் கோடு அல்ல. மீன் வளர வளரச் செதிலும் வளர்ந்ததை அந்தக் கோடுகளில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.